ஆயிரம் இலை மண்டபம்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைப் பையன்கள் என்ன பேசுவார்கள்? பேசவே மாட்டார்கள். பஜ்ஜியைப் பார்ப்பார்கள், மோட்டுவளையைப் பார்ப்பார்கள், பெண் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் சமயமாகப் பார்த்து அவசரமாக ஒரு தரம் பெண்ணையும் பார்ப்பார்கள். பஞ்சாபகேசன் என்கிற பஞ்சு மட்டும் குகையைப் பற்றிப் பேசினான். பம்பாய் மாதுங்காவில், பெண் ஷ்யாமளாவின் அப்பா குடியிருந்த இரண்டாம் மாடி ப்ளாட்டில் உட்கார்ந்து, கேசரி ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் பேசினான்.

பாண்டுப் ஸ்டேஷனுக்கு மேற்கே மலை இருக்கிறது. மலையில் ஒரு குகை இருக்கிறது. கையில் ஒரு டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாக அதற்குள் நுழைந்து, தவழ்ந்து, நெளிந்து போனானாம். உள்ளே ஒரு மண்டபமாம்.

"ஆயிரம் எலை போட்டு ஒரே பந்தியிலே சாப்பாடு போடலாம் மாமா. நடுவிலே ஒரே ஒரு தூண். ஓரத்திலே கண்ணாடி மாதிரி ஜலம். நின்னுண்டு ஒரு ஸ்வரம் பாடினா, அது போயிட்டுத் திரும்பி வரதுக்குள்ளே நாம ஒரு காபி சாப்பிட்டுடலாம்!"

அப்பா சிரித்துவிட்டார். ஷ்யாமளா சிரிக்கவில்லை. அவள் பாடுகிறவள். மாதுங்கா ப்ளாட்டில் பாட்டுப் பாடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமோ இல்லையோ, அவளுக்கு நன்றாகத் தெரியும். மேல் வீட்டில் தரையைத் தட்டுவார்கள், எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். குரலை எடுத்த மாத்திரத்தில் அடக்கி அடக்கி, பாட்டே இருமல்போல் ஆகிவிட்டிருந்தது. அப்படிப்பட்டவளிடம் ஒருவன் வந்து, பாடினால் பாட்டு திரும்பி வருகிற இடம் ஒன்று இருக்கிறது என்கிறான்! அவள் சம்மதம் சொன்னது அந்த மண்டபத்துக்காகத்தான். சம்பளத்துக்காக இல்லை. மூக்குக்காகவும் இல்லை; மூக்கு கொஞ்சம் கோணல்தான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆன பிறகு அந்த ஆயிரத்தையும் கட்டிக்கொண்டு அழுவது யார் என்று அதே வாயால் சொல்லியிருக்க வேண்டாமோ?

பஞ்சு கெட்டவன் இல்லை. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. வெற்றிலைகூடப் போடமாட்டான். ஒரே ஒரு கோளாறு, ஒன்றைப் பத்தாகச் சொல்வான். பெரிய துரையோடு கை குலுக்கினேன் என்பான். விசாரித்தால் துரைக்குக் கதவைத் திறந்துவிட்டிருப்பான். தாணேயில் புலியைப் பார்த்தேன் என்பான். புலியைப் பார்த்தவன் ஒருவனைப் பார்த்திருப்பான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் குடையில்லாமல் வீடு திரும்பி, மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு சாமியாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று தன் அம்மா அபயாம்பாளிடம் சொல்லியிருந்தான். "எங்காத்துக் கர்ணன்!" என்று அவள் அதை இன்னமும் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள். ரயிலில் தொலைத்திருப்பான் என்று ஷ்யாமளா மனசுக்குள் தீர்த்துவிட்டாள்.

துரையை மன்னிக்கலாம். புலியை மன்னிக்கலாம். குடை போனால் போகிறது. ஆனால் மண்டபம்? அதுவும் இந்த வகையில் சேர்ந்ததுதானா? அப்படியென்றால் தான் எதற்குக் கழுத்தை நீட்டினோம்? காபி ஆற்றும்போதும் துணி பிழியும்போதும் இதே கேள்விதான் அவளுக்கு. வாய்விட்டுக் கேட்கவும் பயம். கேட்டு, அவன் அதற்கும் ஒரு கதை சொல்லிவிட்டால்?

மண்டபத்தைத் தேடாமலும் இல்லை. அதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. மாதுங்கா குகை சங்கம். மொத்தம் மூன்றே அங்கத்தினர்கள். ஆனாலும் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எல்லாம் உண்டு. தலைவர் திருவேங்கடம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட்கிளார்க். கண்ணால் கண்டதையே இரண்டு தரம் விசாரித்துத்தான் நம்புவார். காரியதரிசி பஞ்சு. மூன்றாமவர் சிராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் சொந்தமாகத் தகரப் பட்டறை வைத்துக் கார்பைடு விளக்குகள் செய்து விற்கிறவர். "இருட்டுதான் எனக்கு யாவாரமே. அது எங்கன பொறக்குதுன்னு பாக்காண்டாமா?" என்று கேட்டுக்கொண்டு சங்கத்தில் சேர்ந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். சும்மாவும் திரும்பமாட்டார்கள். தாணேப் பக்கத்து மலையில் மண் மூடிக் கிடந்த கல் படிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பாறைக்குப் பின்னால், அந்தக் காலத்துப் புத்த பிட்சுக்கள் படுத்திருந்த கல் திண்டோடு ஓர் அறையைக் கண்டுபிடித்தார்கள். திரும்பி வரும்போது மூன்று பேர் முகத்திலும் புழுதிக்கு மேலே ஒரு வெளிச்சம் இருக்கும். பாண்டுப் குகையிலிருந்து மட்டும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். முன்னறை இருந்தது, அதன் பின்னால் கிளை கிளையாகப் பொந்து வழிகள் இருந்தன, மண்டபத்தைத்தான் காணோம். மாதுங்கா முழுக்க விஷயம் பரவி, மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட, "என்ன பஞ்சு, பந்திக்கு எலை போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

யுத்தம் முடிந்து வந்த முதல் கோடை அது. மழை பிடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் திருவேங்கடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை கடைசி. கெடைக்கலேன்னா, அப்படி ஒரு மண்டபமே கெடையாதுன்னு சங்கத்திலே தீர்மானம் போட்டுடுவேன். கேக்கறவாளுக்கெல்லாம் அதையே சொல்லுவேன். கோவிச்சுக்கப்படாது, ஓய்."

பஞ்சு சிரித்து மழுப்பினான். காபி கொண்டுவந்த ஷ்யாமளா டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நானும் வரேன்" என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். சமையலறையிலிருந்து அபயாம்பாளின் குரல் வந்தது. "குகைக்கா? பொம்மனாட்டியா? நன்னாயிருக்குடி!"

"நீங்கதானேம்மா சொல்லுவேள், ஆம்படையான் போற எடத்துக்கு ஆம்படையாளும் போணும்னு?"

அபயாம்பாளுக்கு அவள் வார்த்தையே அவள் வாயை அடைத்துவிட்டது. கடைசியில் தன் பழைய ஒன்பது கஜப் புடவையை அவளே எடுத்துக் கொடுத்தாள். கச்சம் போட்டுக் கட்டினால் தவழவும் தோது, தடுக்கவும் தடுக்காது என்றாள். மாமியாருக்குத் தவழ்வதைப் பற்றி என்ன தெரியும் என்று ஷ்யாமளா கேட்கவில்லை.

சிராஜ் ஒரு வேலை கொடுத்தார். "செவத்துல சாக்குக்கட்டி ஒட்ட மாட்டேங்கு தங்கச்சி, ஒரே ஈரம். வழி பிரியுத எடத்துல எல்லாம் தரையில வெள்ளையா ஒரு அடையாளம் வச்சுட்டு வரணும். ரங்கோலிப் பொடி கொண்டாந்துருங்க. கோலம் போட உங்களுக்கா சொல்லித் தரணும்?"

ரங்கோலிப் பொடி என்பது வெள்ளைக் கல்லை இடித்த மாவு. பம்பாயில் தெருவுக்குத் தெரு கூறுகட்டி விற்பான். ஆனால் அபயாம்பாள் வீட்டு வாசற்படியைக் கல் மாவு தாண்டாது. "கல்லை அரைச்சுப் போட்டா எறும்பு என்னத்தைத் திங்கும்?" என்பாள். ரேஷனில் அரிசிக்கு அடித்துக்கொள்கிற அந்தக் காலத்திலும், புழுத்த நொய்யைப் புடைத்து அரைத்து, கோலத்துக்கென்று தனி டப்பாவில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கோலத்தைப் போட்ட கையோடு ஷ்யாமளா அந்த டப்பாவையே தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெள்ளையாக இருக்கிறது, போதாதா? வேறு யோசனையே அவளுக்குத் தோன்றவில்லை.

பாண்டுப்பில் இறங்கி நடந்தார்கள். மலையடிவாரத்தில் எருமைத் தொழுவங்கள். ஓர் எருமை வழியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பஞ்சு, பேச்சை நிறுத்தாமலே, சிராஜின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டான். ஷ்யாமளா அதைக் கவனித்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே களாப் புதர்கள் முள்ளும் பழமுமாக மண்டிக் கிடந்தன. சரிவில் வாயைத் திறந்துகொண்டு குகை.

முன்னறையில் விளக்குகளை ஏற்றினார்கள். கார்பைடு நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிறகு குனிந்தார்கள், பிறகு தவழ்ந்தார்கள். ஷ்யாமளாவுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது. பயம் போய், ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. இந்தக் கல்லைத் தொட்ட கை இதற்கு முன்னால் எது? இந்த வளைவுக்கு அப்பால் என்ன? ஓஹோ, இதற்காகத்தான் இந்த மனுஷர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஓடுகிறார்களா என்று நினைத்துக்கொண்டாள். வழி பிரிகிற இடத்தில் எல்லாம் உட்கார்ந்து, நாலு புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். வந்த வழியைப் பார்த்து ஓர் இழை நீட்டிவிட்டாள்.

"இங்கேயும் கோலமா! தீபாவளி சீர் வைக்கலாம் போலிருக்கே" என்றார் திருவேங்கடம், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.

இதுவரை போகாத இடதுபக்க வழியில் அன்றைக்குக் கடைசிவரைக்கும் போனார்கள். கடைசியில் பாறை. மொட்டைப் பாறை. கையால் தடவிப் பார்த்தார்கள், திருவேங்கடத்தின் கைத்தடியால் தட்டிப் பார்த்தார்கள். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து தயிர் சாதத்தையும் சிராஜ் கொண்டுவந்த ரொட்டியையும் எலுமிச்சங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டார்கள். திருவேங்கடம் கையை உதறிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இதுதானா ஓய் உம்ம மண்டபம்? இங்கே நாலு எலைகூட விழாது. இப்பவாவது உள்ளதைச் சொல்லிடும். பாத்தீரா, பாக்கலையா?"

எப்போதும் எதையாவது சொல்லிச் சமாளிக்கிற பஞ்சு, அன்றைக்கு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஒரு புளுகு புளுகியிருந்தால்கூட ஷ்யாமளாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் இரண்டு வருஷம் இழுத்துவிட்டான், அவ்வளவுதான். அவள் பாத்திரங்களைப் பைக்குள் வைத்தாள். அழுகை வந்தது. விளக்கின் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போகலாம்" என்றாள்.

உள்ளே போட்ட கோலங்கள் போட்டபடியே இருந்தன. ஒன்று, அப்புறம் ஒன்று என்று பார்த்துப் பார்த்துத் திரும்பினார்கள். அந்த இடதுபக்க வழியின் கடைசிக் கிளைக்கு வந்ததும், முன்னால் போன சிராஜ் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இங்கன கோலம் போட்டீயளா?"

"போட்டேனே! பெரிசாகவே போட்டேன்."

தரையில் கோலம் இல்லை. மூன்று பொந்துகள், மூன்றும் ஒரே ஜாடை. எது வாசல் பக்கம், எது மலைக்குள் போவது? சிராஜின் விளக்கு அப்போதே சிணுங்க ஆரம்பித்திருந்தது. திருவேங்கடம் குனிந்து, தரையில் மிச்சமிருந்த ஒரு துளி வெள்ளையைத் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அரிசி மாவு! அட ராமா, ரேஷன் அரிசியை அரைச்சுக் குகைக்குள்ளே கொட்டியிருக்கா இந்தப் பொண்ணு! எறும்பு தின்னுட்டுப் போயிடுத்து!"

"அம்மா கல் மாவை ஆத்துக்குள்ளேயே விடறதில்லை..." என்றாள் ஷ்யாமளா. சொல்லும்போதே தன் முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. சிராஜ் தெளிவாகச் சொல்லியிருந்தார். வாசலுக்குப் போடுகிற புத்தியிலேயே எடுத்து வந்துவிட்டாள். நாலு பேரையும் மலைக்குள் மாட்டிவைத்துவிட்டாள்.

"விடுங்கோ, அவளைச் சொல்லாதேங்கோ" என்றான் பஞ்சு சட்டென்று. "இவ்வளவு தூரம் எல்லாரையும் இழுத்துண்டு வந்தவன் நான்."

அவன் குரலில் இருந்தது அவள் இதுவரை கேட்காத ஒன்று. அதை யோசிக்க அப்போது நேரமில்லை. அவள் முழங்காலிட்டு, விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். எறும்புகள் இன்னும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பொட்டு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக.

தினமும் காலையில் பார்க்கிற காட்சிதான். மாதுங்கா வீட்டு வாசற்படியில் கோலத்தைக் கிளப்பிக்கொண்டு, சுவரோரமாக ஊர்ந்து, ஜன்னலுக்கு வெளியே இறங்கும். வீட்டுக்கு உள்ளே போகாது, வெளியேதான் போகும்.

"உள்ளே இருந்த கோலத்தை எறும்பு தொடவே இல்லை. இதை மட்டும்தான் தின்னிருக்கு" என்றாள் அவள். "இருட்டிலே எறும்புக்கு என்ன வேலை? இது வெளியிலேர்ந்து வந்திருக்கு. வெளியேதான் போறது. வாங்கோ."

எறும்பு வரிசை மூன்று பொந்துகளில் எதிலும் நுழையவில்லை. நடுப் பொந்துக்கும் வலப் பொந்துக்கும் இடையில், சரிந்து கிடந்த கற்குவியல் மேல் ஏறியது. ஏறி, ஓர் இடுக்குக்குள் போனது. அவள் அந்த இடுக்கில் கையை வைத்தாள். காற்று! குளிர்ந்த காற்று இல்லை. வெயில் பட்ட இலையின் வாசனையோடு வந்த காற்று.

"சிராஜ் அண்ணா! இங்கே!"

நாலு பேருமாகக் கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். திருவேங்கடம்கூடச் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் ஒரு பெரிய கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தார். இடுக்கு பொந்தானது, பொந்து ஆள் நுழைகிற வழியானது. முதலில் போகச் சொல்லி பஞ்சு ஷ்யாமளாவுக்கு விலகி நின்றான். "நீ போ. நீ கண்டுபிடிச்சது" என்றான்.

அவள் தவழ்ந்து, தலையை நீட்டி, அப்படியே இருந்துவிட்டாள்.

மண்டபம்.

மேலே கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஆலம் விழுதுகள் இறங்க, அவற்றோடு சாயங்கால வெயிலும் இறங்கியிருந்தது. நடுவில் ஒரே ஒரு தூண், மலையிலேயே குடைந்தெடுத்தது. சுவரைச் சுற்றிக் கல் திண்டு. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாக்கியிருந்தார்கள். ஓரத்தில் கல் தொட்டி. அதில் தண்ணீர், நிஜமாகவே கண்ணாடிபோல. எறும்புகள் அவள் கையைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஏறி, விழுதைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"இருக்கு!" என்று கத்தினாள் அவள். "ஏன்னா, இருக்கு! தூண் இருக்கு! ஜலம் இருக்கு! எல்லாம் இருக்கு!"

இப்போது அழுகையை மறைக்கவில்லை. இரண்டு வருஷத்துப் பாரம் அது, கொட்டித் தீர்த்துக்கொண்டாள். பின்னால் வந்த திருவேங்கடம் தூணைத் தொட்டுப் பார்த்தார், திரும்ப ஒரு தரம் தொட்டுப் பார்த்தார், பிறகு பஞ்சுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடும் ஓய். நான்தான் மடையன்" என்றார். சிராஜ், "யா அல்லாஹ்!" என்று மேலே பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தார். கூரை ஓட்டைக்குக் கீழே வந்தபோது அவர் காலில் என்னவோ தட்டியது. குனிந்து எடுத்தார்.

ஒரு குடை. துணி மக்கிப்போய்க் கம்பிகள் துருவேறியிருந்தன. பிடி மட்டும் கெட்டியாக இருந்தது. பிடியில் ஒரு பித்தளைப் பூண். பூணில் எழுத்து வெட்டியிருந்தது.

"ப. பஞ்சாபகேசன்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார் சிராஜ். "என்ன சாமி, உங்க பேருல்லா போட்டுருக்கு?"

பிள்ளை எதையும் தொலைத்துவிடுவான் என்று அபயாம்பாள் பூண் போட்டுப் பேர் வெட்டிக் கொடுத்த குடை. கர்ணன் சாமியாருக்குக் கொடுத்த குடை.

ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குடையையும், கூரை ஓட்டையையும், புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தச் சாமியார் இங்கேதான் வாசம் பண்றாரா?" என்று கேட்டாள்.

பஞ்சு தரையைப் பார்த்தான்.

"டார்ச்சு எடுத்துண்டு, தன்னந்தனியா, தவழ்ந்து வந்தேள் இல்லையா? இந்த வழியாவா?"

"இல்லை" என்றான் அவன், பல்லுக்குள். "மேலேயிருந்து விழுந்தேன்."

"ஏன்?"

"எருமை தொரத்தித்து."

அப்புறம் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மலைமேல் உலாத்தப் போனது, குடையை விரித்தது, எருமை மிரண்டு அவனைத் துரத்தியது, புதருக்குள் பாய்ந்தவன் அப்படியே ஓட்டையில் விழுந்து விழுதில் தொங்கியது, கடைசியில் அதே விழுதைப் பிடித்து மேலே ஏறி வந்தது, குடை மட்டும் கீழேயே தங்கிவிட்டது.

"எருமை தொரத்தி ஓட்டையிலே விழுந்தேன்னு பெண் பாக்க வந்த எடத்திலே எப்படிடீ சொல்லுவேன்? கீழ் வழியா வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அப்புறம் எல்லார்கிட்டேயும் அதையே சொல்லும்படி ஆயிடுத்து. மழைக்கப்புறம் மேலே வந்து தனியாத் தேடினேன், புதர் மண்டி ஓட்டையே தெரியலே. மேலே போய்ப் பாப்போமான்னு ஒரு நாள் கேட்டேன். 'நீர் கீழேர்ந்துதானே ஓய் வந்தீர்?'னு இவர் கேட்டுட்டார். வாயை மூடிண்டுட்டேன்."

ஷ்யாமளாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஓர் எருமை! ஓர் எருமையை மறைக்கப் போய், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேச்சு, எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தாள்! இந்த மனுஷன் நிஜத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் தலையில் ஒரு பொய்யைத் தூக்கி வைத்து, நிஜத்தையே நசுக்கிவிட்டிருந்தான். அந்தக் குடையாலேயே இரண்டு போடலாம் போலிருந்தது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்ததும், எருமைக்கு முன்னால் குடையோடு அவன் ஓடியது கண்முன் வந்துவிட்டது. கோணல் மூக்கு, பறக்கிற வேஷ்டி. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்" என்றாள். "சிரிச்சுண்டே சரின்னும் சொல்லியிருப்பேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இனிமே உள்ளது உள்ளபடிதான். சத்தியம்" என்றான்.

அவள் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தொண்டையைச் செருமினாள். மேல் வீட்டில் தட்டுவதற்கு யாரும் இல்லை. ஷட்ஜத்தைப் பிடித்து, அடக்காமல், உள்ளதெல்லாம் கொடுத்துப் பாடினாள். குரல் சுவரைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்மேல் போய், இன்னும் கனமாகி, இன்னும் அழகாகி அவளிடமே திரும்பி வந்தது. ஒரு காபி சாப்பிடுகிற நேரம் இல்லை. ஒரு வாய் உறிஞ்சுகிற நேரம் இருக்கும். அவளுக்கு அது போதும். அவள் மறுபடியும் பாடினாள். திருவேங்கடம் கல் திண்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் அவர் தம் கைத்தடியால் தரையை அளந்தும் பார்த்துவிட்டார். அவர் சுபாவம் அது. "நாப்பது எலை போடலாம். நெருக்கிப் போட்டா இன்னும் கொஞ்சம்" என்றார். விழுதோடு, சிராஜ் கொண்டுவந்திருந்த கயிற்றையும் சேர்த்துக் கட்டி ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். தலைவரை மட்டும் கிணற்று வாளியைப்போல் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேலே களாப் புதருக்கு அப்பால் ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அதே எருமையா என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

மாதுங்காவுக்குச் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. ஸ்டேஷனில் சிராஜ் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். வீட்டுக் கூடத்தில் கூட்டம். எதிர்வீட்டு வாலாம்பாள், அவள் அகத்துக்காரர், கீழ் வீட்டுக்காரர்கள், இன்னும் யார் யாரோ. அபயாம்பாள் எல்லோருக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு உள்ளே நுழைந்ததும் அவள் கண் அவன் கையில் இருந்த குடைமேல் போனது.

"ஏண்டா, இது நம்ம குடையாச்சே! சாமியார் திருப்பிக் குடுத்துட்டாரா?"

பஞ்சு ஷ்யாமளாவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "சாமியாருமில்லை, ஒண்ணுமில்லைம்மா. எருமை தொரத்தித்து. ஓடினேன். ஓட்டையிலே விழுந்தேன். குடை உள்ளேயே போயிடுத்து" என்றான்.

கூடம் கொல்லென்று சிரித்தது. "போடா! எருமையாவது தொரத்தறதாவது! எங்காத்துக் கர்ணன்கிட்டே எருமை வாலை ஆட்டுமா? புளுகாதே!" என்றாள் அபயாம்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான், பெற்றவளே நம்பவில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"நிஜம்தாம்மா" என்றாள் ஷ்யாமளா. "அவர் சொல்றது அத்தனையும் நிஜம். நான் பாத்துட்டு வந்தேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஷ்யாமளா சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கூடக்குறைய வந்ததில்லை என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். வாலாம்பாள் நகர்ந்து முன்னால் வந்தாள்.

"அப்போ மண்டபம் நிஜமாவே இருக்கா! பஞ்சு, சொல்லு சொல்லு, எத்தனை எலை போடலாம்?"

"நாப்பது மாமி" என்றான் பஞ்சு, வாக்குத் தவறாமல்.

"நாப்பதுதானா?" வாலாம்பாளின் குரல் இறங்கிவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ, "இதுக்கா ரெண்டு வருஷம்?" என்று கேட்டார்கள். அபயாம்பாள் குடையின் பூணைப் புடவைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். பஞ்சு செருப்பைக் கழற்றப் போனான்.

ஷ்யாமளாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தூணையும், அந்தத் தண்ணீரையும், சுற்றிக்கொண்டு திரும்பி வந்த தன் குரலையும் இவர்கள் எங்கே பார்த்தார்கள்? அவள் ஒன்பது கஜத்தின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"நாப்பதா? யார் சொன்னா? இவருக்கு எண்ணத் தெரியலே மாமி" என்றாள். "ஐந்நூறுக்குக் குறையாது."

செருப்பில் குனிந்திருந்த பஞ்சு அப்படியே திரும்பிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்துவிடுவாள்.